தூதர் யாருக்காக?

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் குடிகாடு என்று ஓர் ஊர் இருக்கிறது. சிப்காட் தொழிற்சாலைகளை ஒட்டிய ஊர். அங்கே ஒரு டீக்கடையில் அண்மையில் ஒரு தாயைச் சந்தித்தேன். கையில் செல்போன் வைத்திருந்தார். கண் கலங்கி இருந்தது.

அவருடைய மகன் அரபு நாடு ஒன்றில் டிரைவர் வேலை பார்க்கிறான். 4 மாதமாகச் சம்பளம் வரவில்லை. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பவும் வழி இல்லை.

"அந்த ஊரில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. அங்கே போகச் சொல்லுங்கள், அம்மா" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தூதருன்னா கோட்டு சூட்டு போட்ட பெரிய மனுசங்க இல்லையா, தம்பி? ராஜா, மந்திரியோட உக்காந்து விருந்து சாப்புடுறவங்க. எம் புள்ளைக்கு இங்கிலீசு வராது. அவன் போயி நின்னா யாரு கேப்பாங்க?" என்றார்.

படித்தவன் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆனால் அது நியாயமான கேள்வி. தூதர் யாருக்காக? விருந்துக்காகவா? வீட்டை விட்டு வெளிநாட்டில் உழைக்கும் ஏழைக்காகவா?

இதற்குப் பதில் தேடி டெல்லிக்குப் போக வேண்டாம். குடிகாட்டிலிருந்து அதே சாலையில் தெற்கே போனால் சிதம்பரம் வரும். அங்கே அண்ணாமலை நகர். அங்கே 5 ஆண்டுகள் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார் ஒரு பெரியவர். அவருடைய வாழ்க்கையே இதற்குப் பதில்.

அவர்தான் "வெள்ளி நாக்கு" படைத்தவர் என்று உலகம் புகழ்ந்த மகாகனம் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார்.

பள்ளிக்கூட வாத்தியார்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வலங்கைமான் என்ற ஊர். அங்கே 1869-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி சாஸ்திரியார் பிறந்தார். ஏழைக் குடும்பம். தகப்பனார் வைதிகர்.

அதே ஆண்டு, 10 நாள் கழித்து, அக்டோபர் 2-ந் தேதி குஜராத்தில் இன்னொரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் காந்தியடிகள். பத்தே நாள் மூத்தவரான சாஸ்திரியாரைக் காந்தியடிகள் கடைசி வரை அண்ணன் போல மதித்தார்.

சாஸ்திரியார் கும்பகோணத்தில் படித்தார். பி.ஏ. பட்டம் பெற்றார். மாயவரத்தில் வாத்தியார் ஆனார். பிறகு சேலத்தில் வேலை பார்த்தார். அதன் பிறகு சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தார்.

மளிகைச் சாமான் நியாய விலையில் கிடைக்க வேண்டும் என்று 1904-ல் திருவல்லிக்கேணியில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் சாஸ்திரியாரும் ஒருவர். அரிசி, பருப்பு விலையைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதர் அவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1907-ல் வேலையை விட்டார். கோபால கிருஷ்ண கோகலே பூனாவில் நடத்திய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். சொற்ப படியை வாங்கிக்கொண்டு நாட்டுக்கு உழைப்பதே அந்தச் சங்கத்தாரின் விரதம். 1915-ல் கோகலே காலமானார். சாஸ்திரியார் சங்கத்தின் தலைவரானார்.

1919-ல் வெள்ளையர் சர்க்கார் ரவுலட் சட்டத்தைக் கொண்டு வந்தது. விசாரணை இல்லாமல் ஆளைச் சிறையில் போடும் சட்டம் அது. டெல்லி சட்டசபையில் சாஸ்திரியார் எழுந்து அதை எதிர்த்துப் பேசினார். அந்தப் பேச்சு நாடெங்கும் பரவியது.

தேசம் தேசமாக

1921-ல் சாஸ்திரியாரை இந்தியப் பிரதிநிதியாக லண்டனுக்கு அனுப்பினார்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்து நாடுகள் எல்லாம் கூடிய மாநாடு அது.

அங்கே அவர் ஒரே ஒரு கோரிக்கையை வைத்தார். "இந்த நாடுகளில் முறைப்படி குடியேறி வாழும் இந்தியனுக்குக் குடிமகனின் உரிமை வேண்டும்" என்பதுதான் அது. மற்ற நாடுகள் தீர்மானத்தை ஏற்றன. தென் ஆப்பிரிக்கா மட்டும் மறுத்துவிட்டது.

அதே ஆண்டு ஜெனிவாவில் சர்வதேச சங்கக் கூட்டம். அடுத்து வாஷிங்டனில் கடற்படைக் குறைப்பு மாநாடு. இரண்டிலும் இந்தியாவின் சார்பில் சாஸ்திரியார் இருந்தார். 1922-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்றார். அங்கு வாழும் இந்தியருக்கு ஓட்டுரிமை கொடுங்கள் என்று ஊர் ஊராகப் பேசினார்.

1925-ல் ஆஸ்திரேலியா தன் சட்டத்தைத் திருத்தியது. அங்கே வாழ்ந்த இந்தியருக்கு ஓட்டுக் கிடைத்தது. அவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் படை இல்லாமல், பணம் இல்லாமல், பேச்சால் கிடைத்த உரிமை அது.

எல்லா இடத்திலும் அவருக்கு வெற்றிதானா? இல்லை. 1923-ல் கென்யா நாட்டு இந்தியருக்காக லண்டனில் வாதாடினார். பிரிட்டிஷ் சர்க்கார் அவர்கள் கேட்ட உரிமைகளை மறுத்தது. மனம் நொந்து திரும்பினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது இந்தியா சுதந்திர நாடு அல்ல. அடிமை நாட்டின் பிரதிநிதி அவர். பின்னால் நிற்க ஒரு சிப்பாய் கூடக் கிடையாது. கையில் இருந்தது நியாயம். வாயில் இருந்தது சொல். அவ்வளவுதான்.

கப்பல் ஏறியவர்கள்

தென் ஆப்பிரிக்காவில் இந்தியர் எப்படி வந்தார்கள்?

1860-ம் ஆண்டு சென்னையிலிருந்து "டுரூரோ" என்ற கப்பல் புறப்பட்டது. அதில் 342 பேர் ஏறினார்கள். நவம்பர் 16-ந் தேதி நேட்டாலில் உள்ள டர்பன் துறைமுகத்தில் இறங்கினார்கள். கரும்புத் தோட்டத்தில் 5 ஆண்டு வேலை செய்ய ஒப்பந்தம். மாதச் சம்பளம் 10 ஷில்லிங்.

1911 வரை கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. சுமார் 1½ லட்சம் பேர் போனார்கள். தென் ஆற்காடு, வட ஆற்காடு, தஞ்சாவூர், திருச்சி மாவட்டத்துக்காரர்கள் அதில் ஏராளம். தென் ஆற்காடு என்றால் எது? நம் கடலூர், சிதம்பரம், விழுப்புரம் எல்லாம் சேர்ந்த பழைய மாவட்டம்தான். மழை பொய்த்தது, கடன் ஏறியது, கப்பல் ஏறினார்கள்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கேயே தங்க நினைத்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 3 பவுன் வரி என்று போட்டார்கள். மாதம் 10 ஷில்லிங் வாங்குகிறவனுக்கு அது அரை வருஷச் சம்பளம்! அதை எதிர்த்துத்தான் 1913-ல் காந்தியடிகள் தலைமையில் போராட்டம் நடந்தது. சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை என்ற இளம் பெண் 1914-ல் உயிர் துறந்தார். அந்த ஆண்டே வரி ஒழிந்தது.

வரி ஒழிந்தது. துன்பம் ஒழியவில்லை. 1925-ல் மலான் என்ற மந்திரி ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். இந்தியர் தனி இடத்தில்தான் குடியிருக்க வேண்டும், தனி இடத்தில்தான் கடை வைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்தியாவிலிருந்து ஒரு தூதுக்குழு கேப்டவுனுக்குப் போனது. சென்னையைச் சேர்ந்த சர் முகமது ஹபிபுல்லா தலைவர். சாஸ்திரியார் ஓர் உறுப்பினர். 1926 டிசம்பரில் தொடங்கிய பேச்சு 1927-ல் உடன்பாட்டில் முடிந்தது. மலான் மசோதா வாபஸ் ஆயிற்று. அங்கேயே வாழும் இந்தியரைக் கல்வியிலும் வாழ்விலும் முன்னேற்றுவதாகத் தென் ஆப்பிரிக்க சர்க்கார் வாக்குக் கொடுத்தது.

வாக்கைக் காப்பாற்றுகிறார்களா என்று பக்கத்திலிருந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அதற்காக ஏஜெண்டு என்று ஒரு பதவியை உண்டாக்கினார்கள். பெயர்தான் ஏஜெண்டு. வேலை தூதர் வேலை.

காந்தியடிகள் கேட்டார்

யாரை அனுப்புவது?

"சாஸ்திரியாரே போக வேண்டும்" என்றார் காந்தியடிகள்.

இத்தனைக்கும் இருவரும் அரசியலில் எதிர் எதிர். ஒத்துழையாமை இயக்கத்தைச் சாஸ்திரியார் ஏற்கவில்லை. வெளிப்படையாகவே கண்டித்தார். மிதவாதி, சர்க்காரின் ஆள் என்று அவரைத் தூற்றியவர்கள் பலர். ஆனால் தென் ஆப்பிரிக்காவில் 20 ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்ட காந்தியடிகள், தம் மக்களை ஒப்படைக்க அவரைத்தான் தேர்ந்தெடுத்தார். கட்சி வேறு, காரியம் வேறு என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

சாஸ்திரியாருக்கு அப்போது 57 வயது. இதய நோய் இருந்தது. தயங்கினார். கடைசியில் ஒப்புக்கொண்டு 1927 ஜூன் மாதம் தென் ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தார்.

அங்கே சாஸ்திரியார் என்ன செய்தார்? விருந்து சாப்பிட்டாரா? சாப்பிட்டார். வெள்ளைக்காரப் பிரபுக்களோடு உட்கார்ந்து பேசினார். அவருடைய ஆங்கிலத்தைக் கேட்க வெள்ளையர் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஆனால் அந்த விருந்தையும் பேச்சையும் எதற்குப் பயன்படுத்தினார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்று: புதிய மதுச் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அதில் ஒரு பிரிவு. மது விற்கும் ஹோட்டல்களில் இந்தியர் பரிமாறும் வேலை பார்க்கக் கூடாது என்பது அதன் விளைவு. நேட்டாலில் ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் அந்த வேலையை நம்பி இருந்தன. சாஸ்திரியார் மந்திரிகளைப் பார்த்தார். வாதாடினார். அந்தப் பிரிவு கைவிடப்பட்டது. எத்தனை வீடுகளில் அடுப்பு அணையாமல் எரிந்தது!

இரண்டு: சரியான பத்திரம் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர்கள் பலர். எந்த நேரம் பிடிப்பார்களோ என்று பயந்து வாழ்ந்தார்கள். குறித்த காலத்துக்குள் வந்து உண்மையைச் சொல்லிப் பதிந்துகொண்டால் மன்னித்துத் தங்க விடுவது என்று சர்க்காரோடு பேசி ஏற்பாடு செய்தார்.

மூன்று: டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்குச் சரியான உயர்நிலைப் பள்ளி இல்லை. ஆசிரியர் பயிற்சிக்கும் வழி இல்லை. வாத்தியாராக இருந்தவர் அல்லவா? அவருக்குப் பொறுக்கவில்லை. இந்தியரிடமே பணம் திரட்டினார். வியாபாரிகள் கொடுத்தார்கள், உழைப்பாளிகளும் கொடுத்தார்கள். 1928-ல் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. 1929-ல் பள்ளி திறக்கப்பட்டது. பாடம் சொல்ல இந்தியாவிலிருந்து ஆசிரியர்கள் போனார்கள். அதன் பெயர் "சாஸ்திரி கல்லூரி". இன்றும் அது பள்ளியாக நடந்து வருகிறது.

கூட்டத்தில் கலவரம்

பேசிப் பேசியே காலத்தை ஓட்டினார், பயந்தவர் என்று சிலர் அவரைச் சொல்வார்கள். அவர்களுக்காக ஒரு சம்பவம்.

1928-ல் டிரான்ஸ்வாலில் கிளெர்க்ஸ்டார்ப் என்ற ஊரில் சாஸ்திரியார் பேசிக்கொண்டிருந்தார். இந்தியரை வெறுத்த சில வெள்ளையர் கூட்டத்தில் புகுந்து கலகம் செய்தார்கள். விளக்குகள் அணைந்தன. வெடி வெடித்தது. ஒரே குழப்பம்!

இதய நோயாளியான அவர் அதற்குப் பிறகு மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டாரா? இல்லை. 1929 தொடக்கத்தில் பதவிக் காலம் முடியும் வரை ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

அவருக்கு "சர்" பட்டம் தரவும் சர்க்கார் முன்வந்தது. வேண்டாம் என்று மறுத்துவிட்டார். ஊழியர் சங்கத்துக்காரனுக்கு அந்தப் பட்டம் எதற்கு என்பது அவர் எண்ணம்.

குறையும் உண்டு

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது நிறையை மட்டும் சொல்வது வழக்கம். அது வாசகர்களை ஏமாற்றுவது ஆகும். குறையையும் சொல்லிவிடுகிறேன்.

கேப்டவுன் உடன்பாட்டில் இன்னொரு பகுதி உண்டு. தாய்நாடு திரும்ப விரும்பும் இந்தியருக்குக் கப்பல் செலவும், பெரியவர் ஒருவருக்கு 20 பவுன் பணமும் கொடுப்பது என்பது அது. மேலுக்குப் பார்த்தால் நல்லதாகத் தோன்றும். நடந்தது என்ன? பலர் திரும்பி வந்தார்கள். அவர்களில் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் இருந்தார்கள். இங்கே சொந்தம் இல்லை, நிலம் இல்லை, வேலை இல்லை. கையில் இருந்த பணம் கரைந்தது. தெருவில் நின்றார்கள். பவானி தயாள் சந்நியாசி என்பவர் 1931-ல் இவர்களின் துயரத்தை விசாரித்து அறிக்கை வெளியிட்டார்.

உடன்பாடும் நிலைக்கவில்லை. 1946-ல் இந்தியரை ஒதுக்கும் புதிய சட்டம் வந்தது. இந்தியா ஐக்கிய நாட்டுச் சபையில் முறையிட்டது. தென் ஆப்பிரிக்காவோடு வியாபார உறவை வெட்டியது. 1994-ல் நெல்சன் மண்டேலா ஜனாதிபதி ஆன பிறகே அங்கே எல்லா நிறத்தாருக்கும் சம உரிமை கிடைத்தது.

அப்படியானால் சாஸ்திரியார் செய்தது வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. காகிதத்தில் எழுதிய உடன்பாடு கிழிந்தது. அவர் காப்பாற்றிக் கொடுத்த வேலையும், கட்டிக் கொடுத்த பள்ளியும் மக்களோடு இருந்தன.

சிதம்பரத்தில் துணைவேந்தர்

1935-ல் சாஸ்திரியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். 1940 வரை அந்தப் பதவியில் இருந்தார். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் நிறுவிய பல்கலைக்கழகம் அது.

இங்கே ஓர் அதிசயம் சொல்கிறேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் மூன்று துணைவேந்தர்களுமே வெளிநாட்டில் இந்தியாவுக்காகப் பேசியவர்கள்!

முதல் துணைவேந்தர் சர் சாமுவேல் ரங்கநாதன். அவர் பிற்காலத்தில், 1943 முதல் 1947 வரை, லண்டனில் இந்தியாவின் ஹைகமிஷனராக இருந்தார்.

இரண்டாவது துணைவேந்தர் சாஸ்திரியார்.

மூன்றாவது துணைவேந்தர் சர் கே.வி. ரெட்டி நாயுடு. சாஸ்திரியாருக்குப் பின் 1929-ல் தென் ஆப்பிரிக்காவில் ஏஜெண்டாக இருந்தவர் அவர்தான். தென் ஆப்பிரிக்காவிலும் சரி, சிதம்பரத்திலும் சரி, சாஸ்திரியார் எழுந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார்.

இந்தப் பெருமை எத்தனை ஊருக்கு உண்டு? சிதம்பரத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மலேயாவில் என்ன நடந்தது?

துணைவேந்தராக இருக்கும்போதே இன்னொரு வேலை வந்தது. மலேயா ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து வரும்படி இந்திய சர்க்கார் கேட்டது. 1936 கடைசியில் புறப்பட்டார். சில வாரங்கள் சுற்றிப் பார்த்தார். 1937-ல் அறிக்கை வெளிவந்தது.

உலக மந்தத்தின்போது அந்தக் கூலியைக் குறைத்திருந்தார்கள். ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று பழையபடி கொடுக்க வேண்டும் என்று சாஸ்திரியார் சிபாரிசு செய்தார். ஆனால் மற்றபடி நிலைமை மோசம் இல்லை, ஆள் அனுப்புவதைத் தடுக்க வேண்டியதில்லை என்பது அவர் முடிவு.

மலேயா இந்தியத் தலைவர்களுக்கு ஏமாற்றம். 1938-ல் மீண்டும் கூலிக் குறைப்புப் பிரச்சினை எழுந்தது. தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை இந்திய சர்க்காரே நிறுத்திவிட்டது. 1941-ல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது கூலி மட்டும் அல்ல. துரைமார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள்!

கூலி 50 காசு என்று சாஸ்திரியார் கண்டார். சைக்கிளை விட்டு இறங்கும் அவமானத்தை அவர் காணவில்லை. ஏன்?

டர்பனில் அவர் ஒன்றரை ஆண்டு மக்களோடு இருந்தார். மலேயாவில் சில வாரம் சுற்றினார். டர்பனில் பள்ளிக்கூடம் வந்தது. மலேயாவில் ஓர் அறிக்கை வந்தது. அதே மனிதர்தான். அதே அறிவுதான், அதே வெள்ளி நாக்குதான். யார் வீட்டுத் திண்ணையில் எத்தனை நாள் உட்கார்ந்தார் என்பதில்தான் வித்தியாசம்.

தூதரை அளக்கும் கோல் இதுதான் என்பது என் கருத்து. எத்தனை நாட்டு மன்னரோடு கை குலுக்கினார் என்று பார்க்காதீர்கள். எத்தனை தொழிலாளி அவரிடம் வந்து பயமில்லாமல் பேசினான் என்று பாருங்கள்.

1946 ஏப்ரல் 17-ந் தேதி சாஸ்திரியார் சென்னையில் காலமானார். சில மாதங்களுக்கு முன்தான் காந்தியடிகள் ஆஸ்பத்திரிக்கு வந்து அவர் படுக்கை அருகே உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். அந்த ஆண்டு அக்டோபரில் இந்திய வெளிநாட்டுப் பணி என்ற உத்தியோகத் துறை அமைந்தது. அடுத்த ஆண்டு சுதந்திரம் வந்தது.

இன்று என்ன செய்ய வேண்டும்?

அன்று கப்பல் போனது. இன்று விமானம் போகிறது. அன்று கரும்பு, ரப்பர். இன்று டிரைவர் வேலை, கட்டிட வேலை, வீட்டு வேலை. ஊர் மட்டும் மாறவில்லை. அதே கடலூர், அதே சிதம்பரம்.

ஆனால் ஒரு பெரிய மாறுதல் உண்டு. சாஸ்திரியார் அடிமை நாட்டின் பிரதிநிதி. இன்றைய தூதர் நம்முடைய தூதர். நாம் ஓட்டுப் போட்டு அமைத்த சர்க்காரின் ஊழியர். அவரிடம் போய் நிற்பது பிச்சை கேட்பது ஆகாது. உரிமை கேட்பது ஆகும்.

வெளிநாடு போகும் குடும்பத்தார் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாஸ்போர்ட் முதலாளியின் சொத்து அல்ல. 1967-ம் ஆண்டுச் சட்டப்படி அது இந்திய சர்க்காருக்குச் சொந்தம். அதைப் பறித்து வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு சர்க்காரிடம் பதிவு செய்தவரா என்று முதலில் பாருங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். பத்தாவது தேறாதவர்கள் சில நாடுகளுக்கு வேலைக்குப் போக சர்க்காரின் குடியேற்ற அனுமதி வேண்டும். அது தொல்லை அல்ல, பாதுகாப்பு.

துன்பத்தில் சிக்கியவர்களுக்கு உதவத் தூதரகங்களில் 2009 முதல் சமுதாய நல நிதி ஒன்று இருக்கிறது. தங்க இடம், ஊர் திரும்ப டிக்கெட், வழக்குக்கு வக்கீல், இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்புவது ஆகியவற்றுக்கு அதிலிருந்து செலவு செய்யலாம்.

இவை எல்லாம் காகிதத்தில் இருக்கின்றன. ஆனால் குடிகாட்டுத் தாய்க்கு இவற்றில் ஒன்று கூடத் தெரியவில்லை. அது அவர் குற்றமா? அல்ல. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. பத்திரிகைக்காரனாகிய நானும் அதில் சேர்த்திதான்.

சர்க்காருக்கும் ஒரு வேண்டுகோள். தமிழர் பெருவாரியாக வேலை பார்க்கும் ஒவ்வொரு நாட்டிலும், தூதரகத்தின் வாசலிலேயே தமிழ் பேசும் ஊழியர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அதிகாரிகள் மாதம் ஒரு தடவையாவது தொழிலாளர் தங்கும் இடத்துக்கே போக வேண்டும். போய், அறையில் அல்ல, அவர்கள் சாப்பிடும் இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். சாஸ்திரியாரின் டர்பன் வெற்றியும் மலேயாக் குறையும் சொல்லும் பாடம் இதுதான்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை டாக்டர் ஆக வேண்டும், என்ஜினீயர் ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். தூதர் ஆகட்டும் என்று ஏன் ஆசைப்படக் கூடாது? ஏதாவது ஒரு பட்டம் பெற்றவர்கள் மத்தியத் தேர்வாணையத்தின் தேர்வை எழுதலாம். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். பெண் பிள்ளைகளும்தான்! சென்னையில் படித்த சி.பி. முத்தம்மா 1949-ல் இந்த உத்தியோகத்தில் சேர்ந்த முதல் பெண். பெண் என்பதால் உயர்வை மறுத்தபோது சுப்ரீம் கோர்ட்டுக்கே போய் வாதாடினார். 1979-ல் அந்த வழக்கில் தீர்ப்பு வந்தது.

வைதிகர் வீட்டு ஏழைப் பிள்ளை உலகத்தின் முன் நின்று பேச முடிந்தது. குடிகாட்டுப் பிள்ளையால் முடியாதா? அப்படி ஒரு பிள்ளை தூதரகத்தில் உட்கார்ந்தால், குடிகாட்டு டிரைவர் இங்கிலீஷ் வரவில்லையே என்று வாசலில் தயங்கி நிற்க வேண்டியிருக்காது.

கடைசியாக அந்தத் தாயின் கதை. அன்று டீக்கடையிலேயே மகனிடம் போனில் பேசினோம். மறுநாள் அவன் தூதரகத்துக்குப் போனான். பயந்துகொண்டேதான் போனான். வெகு நேரம் வரிசையில் நின்றான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. வரிசையில் நின்ற இன்னொரு தமிழர் எடுத்துச் சொன்னார். மனுவை வாங்கிக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. சம்பளப் பாக்கியில் பாதி வந்தது. மீதிக்கு முயற்சி நடக்கிறது.

போன வாரம் அந்த அம்மாள் போன் செய்தார்.

"கேட்டாங்க தம்பி. எம் புள்ள சொன்னத உக்கார வச்சு கேட்டாங்க" என்றார்.

பாஸ்போர்ட் வந்ததை அவர் இரண்டாவதாகத்தான் சொன்னார்.